காய்ச்சல் எத்தனையாவது நாள்?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தமிழ்நாட்டின் ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு ஓய்வு ஒழிச்சல் கிடையாது. காலை ஏழு மணிக்கே வரிசை நிற்கிறது. முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி குழந்தைகள், போர்வை போர்த்திய பெரியவர்கள். மாலைக்குள் எல்லோர் செல்போனுக்கும் ரிப்போர்ட் வந்துவிடும். அதில் மூன்று வரிகள்: டெங்கு என்.எஸ்.1 – நெகட்டிவ். டெங்கு ஐ.ஜி.எம். – நெகட்டிவ். டெங்கு ஐ.ஜி.ஜி. – பாசிட்டிவ்.

கடைசி வரி மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்ததும் வீடு கலங்கிவிடுகிறது. ஒருவர் பப்பாளி இலை தேடிக் கிளம்புகிறார், இன்னொருவர் பிளேட்லெட் எந்த ஆஸ்பத்திரியில் கிடைக்கும் என்று விசாரிக்கிறார். உண்மையில் அந்தத் தாள் பெரும்பாலும் ஒரு பழைய செய்தியைத்தான் சொல்கிறது: இவரை வாழ்நாளில் எப்போதோ ஒருமுறை டெங்கு தொட்டிருக்கிறது. சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில் 2017-18இல் 15 மாநிலங்களில் 5 முதல் 45 வயது வரையிலானவர்களிடம் எடுத்த ஆய்வில், தென்னிந்தியாவில் நூற்றுக்கு 77 பேர் ரத்தத்தில் டெங்குவின் பழைய தடயம் இருந்தது. அதாவது, காய்ச்சலே இல்லாமல் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் நான்கு பேரின் ரத்தத்தைச் சோதித்தாலும் மூன்று பேருக்கு அதே தடித்த எழுத்து வரக்கூடும்.

அதே மாலையில் வேறொரு வீட்டில் இதற்கு நேர் எதிரான தவறு நடக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் தொடங்கி இரண்டாம் நாள். ஐ.ஜி.எம். மட்டும் பார்த்திருக்கிறார்கள், நெகட்டிவ். ‘டெங்கு இல்லையாம்’ என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள். டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் தணியும்போதுதான் வருகிறது, பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில். அந்த நேரத்தில் வயிற்றுவலி, விடாத வாந்தி, சோர்ந்து கிடப்பது, ஈறில் ரத்தக்கசிவு என்று எது தெரிந்தாலும் ஓட வேண்டும். ‘இல்லை’ என்று வந்த தாளை நம்பி அந்த ஓட்டத்தைத் தள்ளிப்போட்ட வீடுகளை நினைத்துத்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு வீட்டிலும் பரிசோதனைக் கருவி பொய் சொல்லவில்லை. காய்ச்சல் எத்தனையாவது நாள் என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று

வைரஸ் உடம்புக்குள் நுழைந்ததும் அதை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் புரதங்களை நம் வெள்ளணுக்கள் தயாரிக்கத் தொடங்குகின்றன. அவைதான் எதிர்ப்பொருள்கள், எல்லோரும் சொல்வதுபோல் சொன்னால் ஆன்டிபாடிகள். ஒவ்வொரு வைரஸுக்கும் தனித்தனி. முதலில் அவசரத்துக்கு வருவது ஐ.ஜி.எம். பின்னால் நிதானமாக வந்து, பல ஆண்டுகள், சிலவற்றுக்கு ஆயுள் முழுக்கவும் தங்குவது ஐ.ஜி.ஜி. எந்த வைரஸுக்கான ஆன்டிபாடி பரிசோதனையாக இருந்தாலும், அது வைரஸைத் தேடுவதில்லை. வைரஸ் வந்ததற்கு உடம்பு எழுதிவைத்த பதிலைத் தேடுகிறது. கல்யாண வீட்டு மொய் நோட்டைப் புரட்டினால் யார் யார் வந்தார்கள் என்று தெரியும். வந்தவர் இன்னும் பந்தியில் இருக்கிறாரா, எப்போதோ ஊருக்குப் போய்விட்டாரா என்று தெரியாது. ஆன்டிபாடி ரிப்போர்ட்டும் அந்த அளவுக்குத்தான் பேசும்.

நோட்டில் எழுதவும் நேரம் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் டெங்கு வழிகாட்டி நூல் இதை எண்ணிக்கையோடு சொல்கிறது. காய்ச்சல் தொடங்கி மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் பாதிப் பேரிடம்தான் ஐ.ஜி.எம். தென்படும். ஐந்தாம் நாளுக்குள் 80 சதவீதம். பத்தாம் நாளுக்குள் 99 சதவீதம். இரண்டாம் நாளில் அந்தக் குழந்தைக்கு ஐ.ஜி.எம். பார்த்தது நாற்று நட்ட மறுநாள் அறுவடைக்குப் போவதற்குச் சமம் என்றுகூடச் சொல்ல வேண்டாம். ஐந்து பேருக்கு ஒருவர் ஐந்தாம் நாளில்கூடத் தப்பிவிடுவார் என்ற கணக்கே போதும். முதல் நாட்களில் பார்க்க வேண்டியது என்.எஸ்.1. அது ஆன்டிபாடி அல்ல, வைரஸே ரத்தத்தில் கொட்டும் புரதம். முதல் நாளிலிருந்தே இருக்கும், ஒரு வாரத்தில் குறைந்து மறையும். ஆக, முன்பாதிக்கு என்.எஸ்.1, பின்பாதிக்கு ஐ.ஜி.எம்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு, நம் ஊரில் அது பெரிய சிக்கல். டெங்கு வைரஸில் நான்கு வகை. முன்பு ஒரு வகை வந்து போனவருக்கு இப்போது வேறு வகை வந்தால், உடம்பு பழைய அனுபவத்தில் ஐ.ஜி.ஜி.யை வேகமாக, ஏராளமாகக் கொட்டும். ஐ.ஜி.எம். மிகக் குறைவாகவே வரும், சிலரிடம் வராமலும் போகும். என்.எஸ்.1 சீக்கிரமே மறையும். கடுமையான டெங்கு வரும் வாய்ப்பு இரண்டாம் முறையில்தான் அதிகம். மிக ஆபத்தில் இருப்பவரிடம்தான் பரிசோதனை மிக மௌனமாக இருக்கக்கூடும். அதனால்தான் அனுபவமுள்ள மருத்துவர் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பதில்லை. ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, சிறுநீர் போகிறதா, ரத்தம் கெட்டியாகிறதா என்பதைக் காட்டும் ஹெமட்டோகிரிட் ஆகியவற்றைப் பார்த்தே திரவம் ஏற்றுவதை முடிவு செய்கிறார்.

எதிர்த்திசையிலும் ஏமாற்றம் உண்டு. ஐ.ஜி.எம். இரண்டு மூன்று மாதங்கள் ரத்தத்தில் தங்கும். செப்டம்பரில் லேசான டெங்கு வந்து தெரியாமலே போன ஒருவருக்கு நவம்பரில் வேறு காய்ச்சல் வருகிறது. பரிசோதித்தால் டெங்கு ஐ.ஜி.எம். பாசிட்டிவ். எல்லோரும் டெங்கு என்று முடிவு கட்டிவிட, உண்மையில் இருப்பது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். டாக்ஸிசைக்ளின் என்ற விலை மலிவான மாத்திரையில் கட்டுப்படும் நோய் அது. கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பரவி உயிரையே எடுக்கும். தொடையிடுக்கிலோ அக்குளிலோ கருத்த பொருக்குப் புண் இருக்கிறதா என்று துணியை விலக்கிப் பார்க்க வேண்டிய நேரத்தில், ஒரு பாசிட்டிவ் தாள் மருத்துவரின் கண்ணைக் கட்டிவிடுகிறது.

96 குழிகள்

அட்டைப்பெட்டி அளவு ஆய்வகமானாலும், பெரிய மருத்துவக் கல்லூரியானாலும், ஆன்டிபாடியைத் தேடும் எலிசா என்ற பரிசோதனையின் மையம் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் தட்டு. எட்டு வரிசை, பன்னிரண்டு பத்தி, மொத்தம் 96 சிறு குழிகள். புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் தயாரித்து, நாடெங்கும் உள்ள கண்காணிப்பு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் டெங்கு ஐ.ஜி.எம். கிட் இந்த வகைதான். கிண்டி கிங் நிலையம் முதல் மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் வரை ஆய்வக நுட்பநர்களுக்கு இது அன்றாடப் புழக்கம்.

குழியின் அடியில் மனித ஐ.ஜி.எம்.மைப் பிடித்துக்கொள்ளும் ஒரு பொருள் ஏற்கனவே பூசப்பட்டிருக்கும். நோயாளியின் சீரத்தை நீர்த்து அதில் விடுவார்கள். ரத்தத்தில் உள்ள எல்லா ஐ.ஜி.எம்.மும் ஒட்டிக்கொள்ளும். கழுவுவார்கள். பிறகு டெங்கு ஆன்டிஜென்னை விடுவார்கள், ஒட்டிய ஐ.ஜி.எம்.மில் டெங்குவுக்கானது இருந்தால் மட்டும் அது பிடிபடும். மறுபடி கழுவல். அடுத்து அந்த ஆன்டிஜென்னைக் கண்டுகொள்ளும் இன்னொரு ஆன்டிபாடி, அதன் மேல் ஒரு நொதி, கடைசியில் நிறம் தரும் திரவம். பாசிட்டிவ் குழி மெல்ல நீலமாகும். அமிலத் துளி விழுந்ததும் நீலம் பளிச்சென்று மஞ்சளாக மாறும். அந்த மஞ்சளின் அடர்த்தியைக் கருவி எண்ணாகத் தரும். ஒவ்வொரு தட்டிலும் பாசிட்டிவ் என்று தெரிந்த மாதிரியும், நெகட்டிவ் என்று தெரிந்த மாதிரியும் கூடவே ஓட வேண்டும். அவை இரண்டும் சரியாக வராவிட்டால் தட்டு முழுவதையும் தூக்கிப் போட வேண்டியதுதான். இடையில் ஒரு கழுவல் அரைகுறையானாலும் இல்லாத மஞ்சள் வந்துவிடும்.

சில மணி நேரம் பிடிக்கும் இந்த வேலையை இருபது நிமிடத்தில் முடிப்பதாகச் சொல்லி வந்தவைதான் ரேபிட் கார்டுகள். கர்ப்பப் பரிசோதனைக் கார்டைப் போலவே கோடு விழுகிறதா என்று பார்ப்பது. இரவில், கிராமத்தில், வேறு வழியில்லாத இடத்தில் அதற்குப் பயன் உண்டு. ஆனால் டெங்குவை உறுதிசெய்ய எலிசாவைத்தான் அரசின் நோய்க்கட்டுப்பாட்டுத் திட்டம் ஏற்கிறது. நோயாளிக்கு வரும் ரிப்போர்ட்டில் எந்த முறையில் பார்த்தார்கள் என்பது பெரும்பாலும் பொடி எழுத்தில், அடியில் எங்கோ இருக்கும். அதைத் தேடிப் படியுங்கள்.

எலிசா பிறந்தது 1971இல். ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் ஈவா எங்வால், பீட்டர் பெர்ல்மான் இருவரும், நெதர்லாந்தில் வேறொரு குழுவும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இந்த வழியைக் கண்டார்கள். அதற்கு முன்பு இதே வேலைக்குக் கதிரியக்கப் பொருள் தேவைப்பட்டது. அதற்கென்று தனிக் கட்டடம், தனி உரிமம். நிறம் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம் என்று ஆன பிறகுதான் ஏழை நாடுகளின் ஆய்வகங்களுக்கும் வைரஸ் நோயறிதல் எட்டியது.

வேலூரில் மஞ்சளான ஆறு

அந்த மஞ்சள் நிறம் இந்தியாவின் மருத்துவ வரலாற்றைத் திருப்பிய நாள் ஒன்று உண்டு. 1986, பிப்ரவரி. இடம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி.

அப்போது எய்ட்ஸ் என்பது அமெரிக்கர்களின் நோய், நம் நாட்டுக்கு வராது என்று பத்திரிகைகளும் எழுதின, படித்தவர்களும் பேசினார்கள். மும்பை, புனே பக்கம் எடுத்த மாதிரிகளிலும் எதுவும் சிக்கவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன் தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கண்காணிப்பையே ஆய்வேட்டுத் தலைப்பாக எடுக்கச் சொன்னார். நிர்மலாவுக்கு 32 வயது, சிறு குழந்தைகளின் தாய். பாலியல் தொழில் பற்றி அதுவரை ஏதும் அறியாத குடும்பப் பின்னணி. முதலில் தயங்கினார், கணவர் ஊக்கம் கொடுத்தார்.

பொது மருத்துவமனையில் பால்வினை நோய்க்குச் சிகிச்சைக்கு வந்த பெண்களிடம் பேசத் தொடங்கியவர், அவர்கள் வழியாக, கைதான பெண்களை வைத்திருந்த அரசு காப்பகத்துக்குப் போனார். மூன்று மாதங்களில் 80க்கும் மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன. கையுறை இல்லை, தனிப் பாதுகாப்பு இல்லை. சுனிதியும் அவரும் சிறு ஏற்பாட்டில் சீரத்தைப் பிரித்தார்கள். வைக்க வேறு இடமில்லாததால் நிர்மலாவின் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார்கள். சென்னையில் எச்.ஐ.வி. எலிசா செய்ய வசதி இல்லை; வேலூரில் இருந்தது, வைராலஜி துறையை நடத்தியவர் டி. ஜேக்கப் ஜான். நிர்மலாவும் கணவரும் ஐஸ் பெட்டியோடு இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தார்கள்.

பரிசோதனையின் நடுவே மின்சாரம் நின்றது. எல்லோரும் தேநீர் குடிக்கப் போய்த் திரும்பி, தட்டின் மூடியைத் திறந்து பார்த்தால், ஆறு குழிகள் மஞ்சளாகியிருந்தன.

இதற்குப் பிறகு அவர்கள் செய்ததைத்தான் நான் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்கிறேன். யாரும் பத்திரிகையாளரைக் கூப்பிடவில்லை. திரும்பவும் பரிசோதித்தார்கள். அதே பெண்களிடம் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அந்த மாதிரிகள் அமெரிக்காவுக்கு, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போயின. அங்கே வெஸ்டர்ன் பிளாட் என்ற, முற்றிலும் வேறு அடிப்படையில் அமைந்த பரிசோதனையில் உறுதியான பிறகுதான் அரசுக்குச் சொல்லப்பட்டது. அன்றைய சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். முதலில் யாரும் நம்பவில்லை, ஆய்வையே சந்தேகித்தார்கள். மறுபரிசோதனை கையில் இருந்ததால் நிற்க முடிந்தது.

சுனிதி சாலமன் பிறகு எச்.ஐ.வி. நோயாளிகளுக்காகவே வாழ்ந்தார். 1993இல் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கினார். 2015இல் மறைந்த அவருக்கு 2017இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. நிர்மலாவின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பாடநூலில் ஒரு பத்தி அவருக்குக் கண்டிப்பாக வேண்டும்.

பாசிட்டிவ் ஆனவருக்கு நேர்ந்தது

1989. கோவாவில் டொமினிக் டிசோசா என்ற இளைஞர் வழக்கமாக ரத்ததானம் செய்பவர். கொடுத்த ரத்தம் எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று வந்தது. அவரிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. போலீஸ் வந்து அழைத்துப்போனது. கைவிடப்பட்ட ஒரு காசநோய் மருத்துவமனைக் கட்டடத்தில் 64 நாட்கள் தனியாக அடைத்து வைத்தார்கள். கோவாவின் பொதுச் சுகாதாரச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. நீதிமன்றம் போய் வெளியே வந்தவர், தன்னைப் போன்றவர்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கி, 1992இல் இறந்தார்.

இந்த மண்ணில் ஓர் ஆன்டிபாடி பரிசோதனை என்ன செய்யக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். இன்று நிலைமை மாறியிருக்கிறது என்றால், அப்படி அடைபட்டவர்களும் அவர்களோடு நின்றவர்களும் போராடியதால்தான். ஒப்புதல் இல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ என்ற பலகை தொங்கும் அறையில், ரத்தம் எடுப்பதற்கு முன்னும் பின்னும் ஆலோசகர் பேசுகிறார். அறிகுறி இல்லாத ஒருவரைப் பாசிட்டிவ் என்று சொல்ல, வெவ்வேறு வகையான மூன்று பரிசோதனைகளும் பாசிட்டிவ் ஆக வேண்டும். தனியார் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கு முன் கேட்காமலே எடுத்து, ஒரே கார்டில் கோடு விழுந்ததும் சொந்தக்காரரிடம் சொல்லிவிடுவது சட்டப்படி தவறு, மனிதத்தன்மைப்படியும்.

எச்.ஐ.வி. விஷயத்தில் இன்னும் இரண்டு செய்திகள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தொற்றின் முதல் சில வாரங்களில் ரத்தத்தில் வைரஸ் இருக்கும், ஆன்டிபாடி இருக்காது. ஆன்டிபாடியை மட்டும் பார்க்கும் பரிசோதனையில் அது தெரிய மூன்று வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். அந்த இடைவெளியில் வரும் நெகட்டிவ் விடுதலைப் பத்திரம் அல்ல. இரண்டாவது, பிறந்த குழந்தை. தாயின் ஐ.ஜி.ஜி. நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும், ஒன்றரை வயது வரைகூட இருக்கும். எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தை ஆன்டிபாடி பரிசோதனையில் பாசிட்டிவ் ஆவதற்கு அது தாயின் ஆன்டிபாடி என்பதற்கு மேல் பொருளில்லை. குழந்தைக்குத் தொற்று உண்டா என்று பார்க்க, குதிகாலில் எடுத்த ரத்தத்துளியில் வைரஸின் மரபணுவைத்தான் தேட வேண்டும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகள் மிகப் பெரும்பாலும் தொற்று இல்லாமலே பிறக்கிறார்கள்.

ஆறில் ஒன்று

‘95 சதவீதம் துல்லியம்’ என்று கிட் பெட்டியில் போட்டிருந்தால் நூற்றுக்கு 95 பாசிட்டிவ் சரியாகத்தானே இருக்கும்? இருக்காது. ஒரு பேனா எடுத்துக் கணக்குப் போடலாம்.

ஊரில் 10,000 பேர். நூற்றுக்கு ஒருவருக்குத் தொற்று, ஆக 100 பேர். நோய் உள்ளவரிலும் இல்லாதவரிலும் நூற்றுக்கு 95 பேரை இந்தப் பரிசோதனை சரியாகச் சொல்கிறது என்று வைப்போம். தொற்றுள்ள 100 பேரில் 95 பேர் பாசிட்டிவ். தொற்றில்லாத 9,900 பேரில் 495 பேரும் தவறாகப் பாசிட்டிவ். மொத்தம் 590 பாசிட்டிவ், உண்மையில் நோய் உள்ளவர் 95. ஏறக்குறைய ஆறில் ஒருவர். இதே கிட்டை, பாதிப் பேருக்கு நோய் இருக்கும் ஒரு காய்ச்சல் வார்டில் பயன்படுத்தினால் இருபதில் பத்தொன்பது பாசிட்டிவ் சரியாக இருக்கும். கிட் மாறவில்லை, யாரிடம் பயன்படுத்தினோம் என்பதுதான் மாறியது. ‘எதற்கும் ஒரு டெஸ்ட் எடுத்து வைப்போம்’ என்ற பேச்சில் உள்ள ஆபத்து இதுதான். மாஸ்டர் ஹெல்த் செக்கப் விளம்பரங்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

கருச்சிதைவு ஆன பெண்களுக்கு எழுதித்தரும் ‘டார்ச்’ பரிசோதனையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ருபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ் என்று நாலைந்துக்கு ஐ.ஜி.ஜி. பார்ப்பார்கள். வளர்ந்த பெண்களில் பெரும்பாலோருக்கு ஏதாவது ஒன்று பாசிட்டிவ் ஆகத்தான் செய்யும். ருபெல்லா ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்றால் அது நல்ல செய்தி, அடுத்த கர்ப்பத்துக்குப் பாதுகாப்பு. ஆனால் அந்தத் தாளைக் காட்டி, ‘உன் ரத்தத்தில் இருக்கும் கிருமிதான் குழந்தையைக் கொன்றது’ என்று மாமியார் வீடு பேச, மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கிய பெண்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் யாராவது மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கல்லீரல் சொன்ன பாடம்

ஆன்டிபாடி நோயைக் காட்டுவதோடு நிற்கவில்லை, வைரஸையே கண்டுபிடித்துத் தந்திருக்கிறது. 1960களில் அமெரிக்க விஞ்ஞானி பாருச் பிளம்பெர்க், பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஹீமோஃபிலியா நோயாளிகளின் சீரத்தை, உலகின் பல பகுதி மக்களின் சீரத்தோடு கலந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் சீரத்தோடு ஒன்று வினைபுரிந்தது. நோயாளியின் ஆன்டிபாடி எதையோ அடையாளம் கண்டிருந்தது. அதுதான் ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேற்பரப்புப் புரதம். 1976இல் அவருக்கு நோபல். ஹெபடைட்டிஸ் சி இன்னும் விசித்திரம். 1989இல் மைக்கேல் ஹௌட்டன் குழுவினர் அந்த வைரஸைக் கண்ணால் காணாமலே, நோயாளியின் ஆன்டிபாடியை வைத்து, லட்சக்கணக்கான மரபணுத் துண்டுகளிடையே அதன் ஒரு துண்டைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டே ரத்த வங்கிகளுக்குப் பரிசோதனை வந்தது. ரத்தம் ஏற்றியதால் மட்டுமே மஞ்சள் காமாலை வந்துகொண்டிருந்த காலம் முடிவுக்கு வந்தது.

இந்த இரண்டு வைரஸ்களின் ரிப்போர்ட்டிலும் ‘பாசிட்டிவ்’ என்பது ஒரே பொருளைத் தராது. ஹெபடைட்டிஸ் பி மேற்பரப்பு ஆன்டிஜென் பாசிட்டிவ் என்றால் வைரஸ் உள்ளே இருக்கிறது. அதே புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றால் தடுப்பூசியோ குணமான தொற்றோ தந்த பாதுகாப்பு. மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போகலாம். ஹெபடைட்டிஸ் சி ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றால், வைரஸ் இப்போதும் இருக்கலாம், போயும் இருக்கலாம். இன்று 12 வார மாத்திரையில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். குணமான பிறகும் ஆன்டிபாடி பல்லாண்டு நிற்கும். வெளிநாட்டு வேலைக்கான மருத்துவச் சோதனையில் அதைக் காட்டி ஒருவரைத் திருப்பி அனுப்பினால், இல்லாத நோய்க்குத் தண்டனை கொடுத்ததாகும். வைரஸின் ஆர்.என்.ஏ. பார்த்து நெகட்டிவ் வந்த தாளை அவர் ஆயுளுக்கும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

2020இல் வாங்கியதும் திருப்பியதும்

கொரோனாவின் முதல் மாதங்களில் ரேபிட் ஆன்டிபாடி கார்டு எல்லோர் வாயிலும் இருந்தது. 2020 ஏப்ரலில் சீனாவிலிருந்து லட்சக்கணக்கில் வந்திறங்கின. தமிழ்நாட்டுக்கு 24,000 கிடைத்தன. அறிகுறி தொடங்கி ஏழு நாளுக்கு மேல் ஆனவர்களுக்குத்தான் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆர். சொல்லியிருந்தது. சில நாட்களிலேயே, ஏற்கனவே நோய் உறுதியானவர்களில் 5.4 சதவீதம் பேரைத்தான் இந்தக் கார்டு காட்டுகிறது என்று ராஜஸ்தான் அறிவித்தது. ஐ.சி.எம்.ஆர். முதலில் நிறுத்தச் சொன்னது, பிறகு ஏப்ரல் 27 அன்று திருப்பி அனுப்பச் சொன்னது. 245 ரூபாய்க்கு இறக்குமதியானது அரசுக்கு 600 ரூபாய் விலையில் வந்த கதையும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த வாரங்கள் அவை. அந்த நாட்களை வீணாக்கியதற்கு இன்றுவரை ஒரு முழு விளக்கம் மக்களுக்கு வரவில்லை என்பது என் வருத்தம்.

அதே ஆன்டிபாடி, சரியான கேள்விக்குச் சரியான பதில் சொன்னதும் அந்த ஆண்டில்தான். ‘இவருக்கு இன்று கொரோனா இருக்கிறதா’ என்று கேட்காமல், ‘நாட்டில் எத்தனை பேரைத் தொட்டுப் போயிருக்கிறது’ என்று கேட்டார்கள். புனே வைராலஜி நிறுவனம் உருவாக்கிய எலிசாவோடு, ஆவடி பக்கம் அயப்பாக்கத்தில் இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் ஒருங்கிணைத்த ஆய்வில், பரிசோதனையின் பிழையையும் கழித்துப் பார்த்ததில் 2020 மே-ஜூனில் பெரியவர்களில் 0.73 சதவீதம். சின்ன எண்தான். ஆனால் அதன்படி மே தொடக்கத்திலேயே 64 லட்சம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. கணக்கில் வந்த ஒருவருக்கு 80க்கும் மேற்பட்டோர் கணக்குக்கு வெளியே இருந்தார்கள். 2021 ஜூன்-ஜூலையில், இரண்டாம் அலை ஓய்ந்தபோது, நான்காம் சுற்றில் 67.6 சதவீதம். அந்த அலை எவ்வளவு தூரம் உள்ளே வந்திருந்தது என்பதை மருத்துவமனைப் பதிவேடுகளால் சொல்லியிருக்க முடியாது.

ஊசி போடும் முன்

டெங்கு ஆன்டிபாடியைப் பார்க்காமல் விட்டதன் விலையைப் பிலிப்பைன்ஸ் கொடுத்தது. 2016இல் அங்கே டெங்வாக்ஸியா தடுப்பூசி பள்ளிக் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கி, எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் போட்டுக்கொண்டார்கள். 2017 நவம்பரில் அதைத் தயாரித்த நிறுவனமே ஓர் உண்மையை வெளியிட்டது. முன்பு டெங்கு வராத குழந்தைக்கு இந்த ஊசி போட்டால், பின்னால் டெங்கு வரும்போது அது கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது. ஊசி முதல் தொற்றின் வேடத்தைப் போட்டுவிடுகிறது, நிஜத் தொற்று இரண்டாவதாக வந்து தாக்குகிறது. பெற்றோர் தெருவுக்கு வந்தார்கள். தட்டம்மை ஊசியையும் மறுத்தார்கள். அதன் பிறகு, ஆன்டிபாடி பரிசோதித்து, ஏற்கனவே டெங்கு வந்தவர்களுக்கு மட்டும் இந்த ஊசி என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. தொடக்கத்தில் நாம் பழைய செய்தி என்று சொன்ன அந்த ஐ.ஜி.ஜி.தான் இங்கே ஒரு குழந்தையின் விதியைத் தீர்மானித்தது.

இத்தனை குழப்பத்தையும் குறைக்க அரசிடம் கேட்க வேண்டியது சிறியதுதான், செலவில்லாதது. ஒவ்வொரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டிலும் மாதிரி எடுத்த தேதியும் நேரமும் நிமிடச் சுத்தமாக அச்சாகின்றன. காய்ச்சல் தொடங்கிய தேதிக்கும் ஒரு கட்டம் கட்டாயமாக்குங்கள். கண்காணிப்பு ஆய்வகங்களுக்கு மாதிரி அனுப்பும் படிவத்தில் அந்தக் கட்டம் உண்டு. தனியார் ஆய்வகத் தாளில்தான் இல்லை. என்ன முறையில் பரிசோதித்தோம் என்பதும், ஐ.ஜி.ஜி. தனியாகப் பாசிட்டிவ் ஆனால் அது பழைய தொற்றாக இருக்கலாம் என்பதும் தமிழில் ஒரு வரியாக வரட்டும்.

இதைச் சீக்கிரம் செய்ய வேண்டிய காரணமும் இருக்கிறது. இந்தியாவிலேயே தயாராகும் டெங்கு தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சேர்க்கும் திட்டம் அது. ஊசி நல்லபடியாகத் தேறிப் பயன்பாட்டுக்கு வந்தால், டெங்கு வராதவர் ரத்தத்திலும் டெங்கு ஆன்டிபாடி இருக்கும். அப்போது காய்ச்சலோடு வரும் ஒருவரிடம் எத்தனையாவது நாள் என்பதோடு, ஊசி போட்டீர்களா, எப்போது போட்டீர்கள் என்றும் கேட்டாக வேண்டும். அந்தக் கட்டத்தையும் இப்போதே ரிப்போர்ட்டில் சேர்த்துவிடலாம்.